நாலாவை மறைத்த சுவர்

மராத்தி பேசும் வானவடிப் பகுதியில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் ஓர் ஓடை போகிறது. இங்கே எல்லோரும் அதை நாலா என்பார்கள். மற்ற நாட்களில் சாக்கடைதான். மழை வலுத்தால் மட்டும் குன்றுகளிலிருந்து சிவந்த தண்ணீரை வாரிக்கொண்டு வரும்.

வார்டுத் தேர்தல் நெருங்கிய சமயம், வேட்பாளர் ஒருவர் பெரிய வண்ணப் படத்தோடு வந்தார். படத்தில் நாலா இல்லை. அதன் இடத்தில் நடைபாதை, பூச்செடிகள், சைக்கிளில் போகும் ஒரு குடும்பம். நாலாவை ஒடுக்கி இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பினால் இந்த இடமே வெளிநாடு மாதிரி ஆகிவிடும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சாக்கடையைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்க யாருக்குப் பிடிக்கும்?

அவர் ஜெயித்தார். சுவர் ஆள் உயரத்துக்கு மேல் எழுந்தது. எங்கள் வளாகத்து மழைநீர் வடிவதற்காக அடியில் வரிசையாகத் துளைகள் விட்டிருந்தார்கள். அவற்றின் வழியே நாற்றமும் பெருச்சாளிகளும் வந்தன. புகார் போனது. ஒரு கொத்தனார் வந்து அத்தனை துளைகளையும் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டுப் போனார்.

என் கணவர் ராணுவக் குடியிருப்புகளைக் கட்டும் பிரிவில் பொறியாளர். குடியிருப்போர் கூட்டத்தில் ஆட்சேபம் சொல்லிவிட்டு முகம் சுருங்கி வந்தார்.

"தண்ணி எப்படிப் போகும்னு கேட்டேன். மூணாவது மாடியில இருக்கற உங்களுக்கு நாத்தம் எங்க தெரியப் போகுதுங்கறாங்க."

"விடுங்க. அவங்க கஷ்டம் அவங்களுக்கு," என்றேன்.

அந்த மழைக்காலம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. தசராவும் முடிந்து, இனி மழையில்லை என்று இருந்த ஒரு மாலை, நான் வங்கியிலிருந்து வந்து கைப்பையைக்கூட இறக்கவில்லை, வானம் கொட்டத் தொடங்கியது. எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் முன்பக்க கேட் வழியாக வந்தது. கேட்டுக்கு வெளியே மேட்டுச் சாலை முழுவதும் சிமென்ட்; உறிஞ்ச மண் இல்லை. இறங்கி வந்த வெள்ளம் வளாகத்துக்குள் புகுந்து, சுவரில் முட்டி, போக வழியில்லாமல் ஏறியது. ஸ்கூட்டர்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

கீழ்த்தளத்தில் பக்கவாதத்தில் படுத்திருந்த மராத்திக்காரர் ஒருவர் இருந்தார். அவரை நாற்காலியில் வைத்து என் கணவரும் இன்னும் மூவரும் மாடிப்படி ஏற்றினார்கள். அதற்குள் யாரோ, "தீவார் தோடோ!" என்று கத்த, இரண்டு பேர் சுவரை உடைக்கக் கடப்பாரையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். என் கணவரும் பின்னாலேயே இறங்கினார்.

நான் பால்கனியில் நின்றேன். சுவரின் அந்தப் பக்கம் அங்கிருந்துதான் தெரியும். நாலா, சுவர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே, ஓசையே இல்லாமல் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. சுவரடியில் நின்றவர்களின் தலைக்கு மேலே தண்ணீர். அது அவர்களுக்குத் தெரியவில்லை.

"என்னங்க! உடைக்க விடாதீங்க! அந்தப் பக்கம் இன்னும் மேல நிக்குது!"

பதற்றத்தில் இந்தி வரவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு மட்டுமே புரிகிற மொழியில் கத்தினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்க் கடப்பாரையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"ருக்கோ! உதர் பானி ஜ்யாதா ஹை!"

கடப்பாரையின் முதல் குத்து ஏற்கெனவே சுவரில் விழுந்திருந்தது. அந்த இடத்திலிருந்து விரல் தடிமனில் தண்ணீர் பீய்ச்சியது. அப்போதுதான் எல்லோரும் பின்வாங்கினார்கள்.

சுவர் தாங்கியது. நாலா இறங்கிய பிறகு அந்தத் துளையைப் பெரிதாக்கி வடியவிட்டார்கள். விடிந்தபோது தண்ணீர் வடிந்து, கீழ்த்தள வீடுகளில் முழங்கால் அளவு சேறு கிடந்தது. வார்டு உறுப்பினர் ஒரு பொறியாளரோடு வந்தார். சுவரை இன்னும் உயர்த்துவதாகவும், உள்ளே தேங்கும் தண்ணீரை இறைக்க மோட்டார் வைப்பதாகவும் சொன்னார்.

"நாலாவை அகலப்படுத்த முடியாதா?" என்று என் கணவர் கேட்டார்.

"அது நடைபாதைக்கு ஒதுக்கிய இடம், சார்," என்றார் வார்டு உறுப்பினர்.

"மழையில கரண்ட் போனா மோட்டார் எப்படி ஓடும்?"

உடன் வந்த பொறியாளர் சுவரின் உயரத்தை அளக்கப் போய்விட்டார்.

சுவர் உயர்ந்துவிட்டது. மழை வலுத்தால் இப்போது கீழ்த்தளத்தார் எனக்குப் போன் செய்கிறார்கள், அந்தப் பக்கம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டு.