சித்தி நீந்திய இருநூறு மீற்றரும் சித்தப்பாவின் மணிக்கூடும்

சித்தப்பா ஒஸ்லோவுக்கு வந்து சம்பாதித்த பெருமைகளில் பெரியது அவருடைய இடது கையில் இருந்தது: தண்ணீர் புகாத மணிக்கூடு. நாங்கள் இருக்கும் புருசெத்தில் யார் வீட்டுச் சாமத்தியச் சடங்காக இருந்தாலும் பேச்சை எப்படியாவது தண்ணீருக்குள் இறக்கிவிடுவார்.

"ஒரு வெள்ளைக்காரி இங்கிலாந்துக் கால்வாயை நீந்திக் கடக்கேக்கை இப்பிடி ஒண்டைத்தான் கட்டியிருந்தவ."

அவரோ பாத்திரம் கழுவும்போதுகூட அதைக் கழற்றி வைத்துவிடுவார். நீந்தவும் தெரியாது.

கதையை அவருக்குச் சொன்ன பாவி நான்தான். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பதாகப் பெயர். படித்ததெல்லாம் இணையத்தில் பழைய மணிக்கூடுகளைப் பற்றி. நான் சொன்னது வேறு. அந்தப் பெண் லண்டனில் தட்டெழுத்து வேலை பார்த்தவர். கால்வாயை முதலிலேயே கடந்துவிட்டார். பிறகு இன்னொருத்தி தானும் கடந்ததாகப் புளுகி மாட்டிக்கொள்ள, சந்தேகம் இவர்மீது விழுந்தது. மறுபடி நீந்திக் காட்டு என்றார்கள். குளிர்ந்த தண்ணீரில் பத்து மணி நேரத்துக்கு மேல் போராடினார். கரை சேரவில்லை, படகில் தூக்கிப் போட்டார்கள். கழுத்தில் தொங்கிய மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கூட்டுக் கம்பனி ஒரு பத்திரிகையின் முதல் பக்கத்தையே வாங்கி அதைக் கொண்டாடியது. சித்தப்பாவின் மனதில் நின்றது இந்தக் கடைசிப் பகுதி மட்டும்.

அந்தக் குளிர்காலம் சித்தி வேலை செய்த பார்னஹாகே என்ற பாலர் பாடசாலையில் பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப்போக ஆள் தேவைப்பட்டது. இருநூறு மீற்றர் நீந்தியதாக ஒரு கடதாசி வேண்டும். சித்தி நீச்சல் குளத்துக்குப் பெண்களுக்கான நேரத்தில் போய்ப் பழகி, அவ்வளவையும் நீந்தியிருந்தார். ஆனால் ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

"ஆர் கண்டது?" என்றார் சித்தப்பா. "ஆம்பிளையளை உள்ளுக்கு விடாத இடத்திலை நீர் நிண்டீரோ நீந்தினீரோ, ஆருக்குத் தெரியும்?"

"இஞ்சருங்கோ, நான் பொய் சொல்லுறன் எண்டுறியளோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. சனம் கேக்கும்."

சனம் என்றால் அவர்தான்.

ஒரு சனிக்கிழமை, எல்லோருக்கும் பொதுவான நேரத்தில், மூவரும் குளத்துக்குப் போனோம். தே-பானே ரயிலில் நான் அந்தப் பழைய மணிக்கூட்டின் இரகசியத்தை விளக்கினேன்: பக்கத்துக் குமிழைத் திருகி இறுக்கினால்தான் தண்ணீர் போகாது, சித்தப்பாவினதும் அதே வகை. சித்தப்பா பலமாகத் தலையாட்டினார்.

பத்தரைவரை சித்தியை அவர் தண்ணீரில் இறங்க விடவில்லை. ராகுகாலமாம். குறொன்லாண்ட் தமிழ்க் கடையில் வாங்கிய கலண்டர் சொல்லியிருந்தது. தையில் சூரியனே ஒன்பதுக்குப் பிறகுதான் எட்டிப்பார்க்கிற ஊரில் ராகு மட்டும் சரியாக ஒன்பதுக்கு வேலைக்கு வந்துவிடுகிறார். சுவர் மணிக்கூடு பத்தரையைக் காட்டியது. சித்தப்பாவினது மூன்று நிமிடம் பின்னால். குமிழைத் தளர்த்தி இழுத்து, நேரத்தைச் சரிசெய்து, உள்ளே தள்ளி, சித்தியின் கையில் கட்டிவிட்டார்.

"இதுவும் நீந்தட்டும்."

சித்தி இறங்கினார். ஆறாவது நீளத்தில் வேகம் குறைந்து, வாய் தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது. "ஏலாட்டி விடும்!" என்று சித்தப்பா கத்தினார். அதைக் கேட்டுத்தான் மிச்சத்தை நீந்தினார் என்று நினைக்கிறேன். எட்டு நீளம். சுயிங்கம் மென்றபடி எண்ணிக்கொண்டிருந்த காவல்காரப் பெண் "பிறா!" என்று மெச்சிக் கடதாசியில் கையெழுத்துப் போட்டாள்.

சித்தி மூச்சு வாங்கக் கரையில் சாய்ந்தார். சித்தப்பா ஓடிப்போய் அவருடைய கையைப் பிடித்தார். பாசமென்று நினைத்தேன். மணிக்கூட்டைப் பார்த்தார். கண்ணாடிக்குள் மூடுபனி, முள்ளுக்குக் கீழே ஒரு துளி. குமிழைத் தள்ளியவர் திருகவில்லை. பக்கத்தில் நின்ற நிபுணராகிய நானும் கவனிக்கவில்லை.

"என்ன மாதிரி அடிச்சு நீந்தினனீர்?" என்றார் சித்தப்பா.

கடதாசியைக் காட்டினால், "குளம் இருபத்தைஞ்சு மீற்றர் இருக்குமோ தெரியாது" என்றார். திங்கட்கிழமை சித்தி அதை வேலையில் கொடுத்தார். அங்கே ஒருவரும் குளத்தை அளக்கக் கேட்கவில்லை. வீட்டில்தான் இழுபறி.

அந்தக் கிழமையே மணிக்கூட்டுக் கடைக்காரன், உத்தரவாதம் வேண்டுமென்றால் மணிக்கூடு எங்கே, எவ்வளவு தூரம் தண்ணீரில் இருந்தது என்று எழுதித் தரச் சொல்லிவிட்டான். நோர்வேஜிய மொழியில் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். குமிழைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது என்று சித்தப்பா கட்டளையிட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"எழுதடா. என்ர மனுசி முழுசா இருநூறு மீற்றர் நீந்தினவ. நான் என்ர கண்ணாலை கண்டனான்."

குசினிக்குள்ளிருந்து சித்தி கை துடைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ. தம்பிக்குக் கேக்கேல்லை."

எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

"ஓம் சித்தப்பா," என்றேன், "கேக்கேல்லை."