கொப்புளம் கண்ட தகடு

ஜீப்பின் தரைத் தகட்டில் இரண்டாம் முறையும் கொப்புளம் வந்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாபநாசத்தில் என் பட்டறையில் எத்தனையோ வண்டிப் பாகங்களுக்குக் கோட்டிங் போட்டிருக்கிறேன். ஒரு தகடு இப்படி என் மானத்தை வாங்கியதில்லை.

வண்டி கோவிந்தராஜுடையது. விவசாயி. வயலுக்கும் வீட்டுக்கும் ஓட்டித் தேய்ந்த பழைய ஜீப்பைப் பிரித்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தவரைப் பக்கவாதம் சாய்த்துவிட்டது. வலது கை விழுந்தது, பேச்சு குழறியது. மிச்ச வேலையை முடித்துத் தரச் சொல்லி அவர் மனைவி செல்வி என்னிடம் வந்தார்.

"தஞ்சாவூருக்குப் பிசியோதெரபிக்கு வர மாட்டேங்கிறாரு அண்ணே. ஜீப்பு ரெடியானாத்தான் வருவேன்னு சைகையில அடம். நாளு போகப் போக கை வராதுன்னு டாக்டர் பயமுறுத்துறாரு. சீக்கிரம் முடிச்சுக் குடுங்க."

பவுடர் கோட்டிங் போடலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். பவுடரை ஓவனில் வைத்து உருக்க வேண்டும். தகட்டை வண்டியில் வெல்டிங் அடிக்கும்போது கருகினால், வண்டியையே ஓவனுக்குள் தள்ள முடியுமா? எபாக்ஸி பிரைமர் என்கிற அடிப்பூச்சு என்றால் கருகிய இடத்தில் மறுபடி அடித்துக்கொள்ளலாம். மணலைப் பீய்ச்சியடிக்கும் பிளாஸ்டிங் செய்து துருவை உரித்து எபாக்ஸிதான் அடித்தேன். அப்படியும் கொப்புளம்.

தஞ்சாவூருக்கு வர மறுத்த கோவிந்தராஜுக்கு, என் பட்டறைக்கு ஆட்டோவில் வருவதென்றால் மட்டும் இனிக்கும். வந்து உட்கார்ந்ததும் தகட்டைக் காட்டி ஒரே பேச்சு: "போட்டாச்…"

"போட்டாச்சுங்க. பிரைமரும் போட்டாச்சு, மேல் கோட்டும் போட்டாச்சு" என்பேன். அவர் தலையில் அடித்துக்கொள்வார். பொறுமையில்லாத மனுஷன் என்று நினைத்தேன்.

அன்று கொப்புளத்தைச் சுரண்டிக்கொண்டே வாய்விட்டுத் திட்டினேன். "என்ன எழவு கெடக்குதோ இதுக்குள்ள!"

கோவிந்தராஜ் இடது கையால் மூட்டையைத் தோளிலிருந்து தகட்டில் இறக்குவதுபோல் காட்டினார். பிறகு வயலில் உரம் தெளிப்பதுபோல் கையை வீசினார். "போட்டாச்…"

செல்வி வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, போட்டாச்சான்னு கேக்கலண்ணே! பொட்டாஷ்! பொட்டாஷ்ங்கிறாரு! உர மூட்டையெல்லாம் இந்த வண்டியிலதான் ஏத்துவாரு. கிழிஞ்சு கொட்டும்."

அவர் வேகவேகமாகத் தலையாட்டினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கும்தான்.

பொட்டாஷ் ஒரு உப்பு. துருக்குழிக்குள் போய் உட்கார்ந்தால் பிளாஸ்டிங்குக்கும் அசையாது. கோட்டிங்குக்கு அடியில் ஈரத்தை இழுத்துக் கொப்புளமாகக் கிளம்பும். பழைய கோட்டை உரித்துவிட்டு, தகட்டை நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

"இரும்புல போயி தண்ணி ஊத்துறீங்களே!" என்று செல்வி பதறினார். கோவிந்தராஜ், ஊற்றட்டும் என்று கையசைத்தார்.

உடனே சூடான காற்றடித்துக் காயவைத்து, லேசாக இன்னொரு பிளாஸ்டிங் கொடுத்து, எபாக்ஸி அடித்தேன். மழைக்கால ஈரக்காற்றிலும் தகடு வழுவழுவென்றே இருந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெயிண்ட் டப்பாவைத் திறக்குமுன், வண்டி எதைச் சுமந்தது என்று வண்டிக்காரரிடம் கேளுங்கள். பதில் புரியாவிட்டால், புரிந்த மாதிரி தலையாட்டாதீர்கள்.

ஜீப் தயாரான அன்று செல்விதான் ஸ்டியரிங் பிடித்தார். பக்கத்து சீட்டில் கோவிந்தராஜை ஏற்றி உட்காரவைத்தோம். காலால் தரையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போட்டாச்…"

நான் குனிந்து தரைத் தகட்டைத் தடவிப் பார்த்தேன். "ஐயா, இன்னும் எங்க இருக்கு பொட்டாஷ்?"

அவர் இல்லை என்று தலையாட்டி, செல்வியைப் பார்த்து, தன் நெஞ்சுக்குக் குறுக்கே இடது கையால் ஒரு கோடு இழுத்தார்.

செல்வி சிரித்துக்கொண்டே சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"போட்டாச்சுங்க. தஞ்சாவூர் போலாமா?"