ஆயா கழுவி வைத்த டப்பா

மூடியில் யார் பெயரோ வெட்டிய சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்று என் சமையலறை அலமாரியில் இருக்கிறது. அது என்னுடையது இல்லை. மயிலாடுதுறையில் நான் நர்ஸாக இருந்தபோது, மகனுக்குக் குணமான சந்தோஷத்தில் ஒரு தாய், மாரியம்மன் கோயில் சர்க்கரைப் பொங்கலை அதில் கொண்டுவந்து தந்தார். அப்போது ஆடி மாதம். டப்பாவைத் திரும்ப வாங்க அவர் வரவேயில்லை. அதைக் கழுவித் துடைத்து வைத்தவர் எங்கள் வார்டு ஆயா.

ஆயாவுக்குக் குத்தாலம் பக்கம் கிராமம். நடவு, களையெடுப்பு என்று வயலிலேயே வளர்ந்தவர், நாற்பது வயதில் ஞானஸ்நானம் எடுத்தார். நானோ பரம்பரைக் கிறிஸ்தவள். ஞாயிறு ஆராதனையில் என் பக்கத்தில்தான் உட்காருவார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்பதால் பாட்டுப் புத்தகத்தில் வரியை நான் விரலால் காட்டிக்கொண்டே போக வேண்டும். சாமிக்குப் படைத்ததை மட்டும் அவர் தொடமாட்டார். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். எங்கே வைத்து எடுத்தாலும் அரிசி அரிசிதானே, கடவுள் தராத அரிசி எது என்று கேட்பேன். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். என் வாய்தான் சும்மா இருக்கவில்லை.

அன்று டூட்டி ரூமில் நெய் மணக்க மணக்க எல்லோரும் அந்தப் பொங்கலைச் சாப்பிட்டோம். ஆயா துடைப்பத்தோடு கதவோரம் நின்றார். பழைய சாமி பயம் இன்னும் போகவில்லையா, இதுதான் உங்கள் விசுவாசமா என்று சீண்டினேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தந்த தெம்பில் நானே ஒரு உருண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். சீனியர் நர்ஸ் கொடுப்பதை ஆயா எப்படி மறுப்பார்? ஒரே வாயில் விழுங்கிவிட்டு, காலி டப்பாவை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு அவர் சர்ச்சுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. துணி மடிக்கும் அறையில் பிடித்துக் கேட்டேன். பழைய பயம்தான் என்று நினைத்து, போதகரை வந்து ஜெபிக்கச் சொல்லட்டுமா என்றேன். ஆயா போர்வையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"எங்கம்மா சாகறதுக்கு முந்தின வருஷம், படையல் சோத்த எலையில வச்சு, ஒரு வாய் சாப்பிடுடின்னு கெஞ்சுச்சு சிஸ்டர். ஆண்டவருக்கு வாக்குக் குடுத்துட்டேன்னு எழுந்து வந்துட்டேன். பெத்தவ கெஞ்சியும் சாப்பிடாதவ, நீங்க சிரிச்சீங்கன்னு சாப்பிட்டுட்டேன்."

இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும், ஏன் சாப்பிடுவதில்லை என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்டேன். உங்கள் மேல் தப்பில்லை சிஸ்டர், உங்களுக்கு அது வெறும் சோறு என்று என்னையே தேற்றினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிறகு ஆயா தஞ்சாவூருக்கு, மகள் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். போன் செய்தால் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று ஆசையாக விசாரிப்பார். சர்ச்சுக்குப் போகிறீர்களா என்று கேட்டால், இங்கே நல்ல மழை சிஸ்டர் என்பார். நானும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

நானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் விரல் வரியின்மேல் ஓடுகிறது. பெரிய விசுவாசி என்று என்னை நினைத்துக்கொண்டிருந்ததை எண்ணினால் வெட்கமாக இருக்கிறது.

இன்று ஆடி வெள்ளி. பக்கத்து வீட்டம்மா கோயிலிலிருந்து வந்த கையோடு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். அன்பாகக் கொடுப்பதை எப்படி மறுப்பது? இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பொங்கலை இந்த டப்பாவுக்கு மாற்றி, கிண்ணத்தை வெறுமனே தரக்கூடாதென்று கொஞ்சம் சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதே நெய் மணம். தாராளமாகச் சாப்பிடலாம். என் மனசாட்சி குத்தாது. நான் சாப்பிடுவதைப் பார்த்து விசுவாசத்தில் இடறி விழவும் இந்த வீட்டில் யாரும் இல்லை.

எடுத்த ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, மூடியை எடுத்து மூடினேன்.