எதிர்க்கடைக்காரியின் புரோப்

கறம்பக்குடி கடைத்தெருவில் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுதுபார்க்கிறார் அறிவுச்செல்வன். எதிரே பிளெஸ்ஸி கடை போட்ட பிறகு அவருக்கு டீகூடத் தொண்டையில் இறங்குவதில்லை. இருவரும் ஒரே பாலிடெக்னிக், ஒரே வகுப்பு. அங்கே முதல் மதிப்பெண் அவருடையது. இங்கே கூட்டம் அவளுடையது.

எல்லாம் அவளுடைய புரோப்பால் வந்தது. சிக்னலை அலையாகத் திரையில் காட்டுவது ஸ்கோப்; அதற்காகப் போர்டைத் தொடும் ஊசிதான் புரோப். சாதாரண புரோப்பை வேகமான சிக்னலில் வைத்தால் அதுவே சிக்னலை இழுத்துச் சாய்த்துவிடும். ஓடுகிற போர்டும் நின்றுபோகும். நுனியிலேயே சின்ன ஆம்பிளிஃபயர் வைத்த ஆக்டிவ் புரோப் அப்படிச் செய்யாது. கம்பெனிச் சரக்கு வாங்கக் கடையையே விற்க வேண்டும். பிளெஸ்ஸி தானே செய்துகொண்டாள்.

ஒருநாள் அரிசி ஆலை கண்ணுசாமி அறிவின் கடைக்கு வந்தார். கறுப்பு அரிசியைக் கண்டுபிடித்துத் தள்ளும் மெஷினின் கேமரா போர்டு கையில்.

"தம்பி, இதச் சரி பண்ணிட்டீங்கன்னா மில்லு வேல முச்சூடும் ஒங்களுக்குத்தான். இல்லைன்னா அங்கிட்டுப் போயிருவேன்."

அங்கிட்டு என்றால் எதிர்க்கடை.

அறிவு லென்ஸுக்கு அடியில் குனிந்து, அரிசியைவிடச் சிறிய சிப்பைப் பற்றவைத்து, அவளுடையதைவிட ஒல்லியாக ஒரு புரோப் செய்தார். எர்த்துக்கு மட்டும் பழைய புரோப்பின் நீள ஒயரையே கிளிப்போடு மாட்டினார். போர்டில் வைத்ததும், போர்டுக்கே தாளம் போடும் கிளாக் அலையின் ஓரமெல்லாம் திரையில் நடுங்கியது. கோளாறு கிடைத்துவிட்டது! அந்தத் தாளத்தைத் தரும் கிரிஸ்டலை மாற்றினார். நடுங்கியது. போர்டின் சிப்பை மாற்றினார். அப்போதும் நடுங்கியது. கண்ணுசாமி போர்டை வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

பிளெஸ்ஸி கேமரா கனெக்டரில் அடைந்திருந்த தவிட்டைத் துடைத்தாள். போர்டு ஓடியது. அறிவுக்குப் பொறுக்கவில்லை. புரோப்போடு அங்கே போய் நின்றார்.

"கிளாக் ஆடுது பிளெஸ்ஸி. நீ பாக்கல."

"குடு பாப்போம்." வாங்கி வைத்துப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "ஆடுறது ஒன் எர்த் ஒயருப்பா. இம்புட்டு நீளமா? துணி காயப்போடலாம் போல!"

ஒயரை வெட்டினாள், எர்த்துக்கு நுனியை ஒட்டி ஒரு குட்டிக் கம்பியைப் பற்றவைத்தாள். அலை நடுக்கமில்லாமல் சுத்தமாகத் தெரிந்தது.

"சிப்பு வச்ச தலைப்பக்கம் என்னுதவிட நல்லா வந்திருக்கு அறிவு. எனக்கும் ஒண்ணு செஞ்சு தாயேன்."

கேலியைத் தாங்கிக்கொண்டவரால் இதைத் தாங்க முடியவில்லை. போதாததற்குக் கண்ணுசாமி போர்டைத் துண்டில் சுற்றியபடி, "பாப்பா, இனி மில்லு வேல இங்கிட்டுத்தான்" என்றார்.

"எனக்கு நேரமில்ல" என்றார் அறிவு பிளெஸ்ஸியிடம்.

தன் கடைக்கு வந்து ஃபேனைப் போட்டு உட்கார்ந்தார். மேசையில் ஒரு போர்டும் இல்லை. எதிர்க்கடை வாசலில் இன்னொருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.