எதிராளியின் சம்பளம்

அறக்கட்டளை ஒன்று நடத்தும் சட்ட உதவி அலுவலகத்தின் ஜன்னல் ஒரு மணிக்கு மூடிவிடும். இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு நீதிமன்றம். மகள் யாரிடம் வளர்வது என்பது அங்கே முடிவாகும். வழக்குப் போட்ட கணவனுக்கு வக்கீல் இருக்கிறார். இவளுக்கு இல்லை. இலவசமாக ஒருவர் கிடைப்பாரா என்று கேட்கத்தான் வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற பெண் கண்ணைத் துடைத்தபடி வெளியே போனாள்.

இவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினோரு வருட வேலை. ஒரு முறை டாக்டரின் கோட்டுப் பையிலிருந்த ஊசி கையில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து எதையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் இயந்திரத்தில் போட மாட்டாள்.

குமாஸ்தா விண்ணப்பத்தைப் பார்த்துக் கால்குலேட்டரைத் தட்டினார்.

"வருமான வரம்பைத் தாண்டிடுச்சும்மா. உனக்குக் கிடையாது."

"என் சம்பளம் அதுல பாதிகூட வராதே சார்?"

"வீட்டுக்காரர் சம்பளத்தையும் சேர்க்கணும்ல. குடும்ப வருமானம்னு போட்டிருக்கு பாரு."

"கேஸ் போட்டதே அவருதான் சார்!"

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? ரூல் அப்படி."

பின்னால் நின்ற வேன் டிரைவர் எட்டிப் பார்த்தார். "அப்ப அவரு வக்கீல்லயே பாதி கேளுங்கக்கா!"

வரிசை சிரித்தது. வீட்டைவிட்டு விரட்டியவனின் சட்டைப்பையை எண்ணிப் பார்த்து, விரட்டப்பட்டவளைப் பணக்காரி என்கிறது இந்தக் கணக்கு. விதி, விதி என்கிறார்களே, அதை ஒருவராவது முழுசாகப் படித்திருக்க வேண்டாமா?

குமாஸ்தா தாளைத் தள்ளினார். பழகிய கை அதைத் தானாகப் புரட்டியது. பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"சார், இங்க ஏழாவது பாருங்க. 'வழக்கில் எதிர்த்தரப்பாக உள்ளவரின் வருமானம் சேர்க்கப்படாது. பிரிந்து வாழ்வதற்குச் சான்று தேவை.'"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"சரி, சான்று? வாடகை ஒப்பந்தம், ஏதாவது?"

மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. தங்கை வீட்டு முன்னறையில் மகளோடு பாய் விரிப்பவளுக்கு ஒப்பந்தம் ஏது? பையைத் துழாவினாள். கணவனின் மனு மட்டும் இருந்தது. "பொறுப்பற்றவள்" என்ற வரியிலேயே அழுது அதை மடித்து வைத்திருந்தாள். இப்போது அந்த வரியைத் தாண்டிப் படித்தாள். 'எட்டு மாதமாக என்னைப் பிரிந்து தங்கை வீட்டில் வசிக்கிறாள்.' கீழே அவன் கையெழுத்து.

"இது போதுமா சார்? அவரே எழுதிக் கொடுத்திருக்காரு."

"பார்த்தீங்களாக்கா!" என்றார் டிரைவர். "அவரு வக்கீல் உங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்துட்டாரு!"

முத்திரை விழுந்தது. "ஒன்பதரைக்குக் கோர்ட் வாசல்ல வக்கீலம்மா இருப்பாங்க. லேட் பண்ணிடாத."

அவள் நகரவில்லை. "எனக்கு முன்னாடி ஒரு பொண்ணு அழுதுட்டே போச்சே சார். அதுக்கும் பின்பக்கம் பார்த்தீங்களா?"

குமாஸ்தா ஜன்னலை மூடப் போன கையை இழுத்துக்கொண்டு, தள்ளுபடியான விண்ணப்பக் கட்டின் மேல் தாளை எடுத்துப் புரட்டினார்.