மூக்கருகே மூன்று விரல்

என் வீட்டுக்காரர் டீ ஃபேக்டரியில் ஃபிட்டர். குன்னூருக்குக் கீழே இருந்த அந்த ஃபேக்டரிக்குள் கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை போனேன். ரோலர்கள் இலையை முறுக்கிப் பிழிகிற சத்தத்தில் தலை வெடித்துவிடும் போலிருந்தது. உள்ளே யாரும் வாயால் பேசவில்லை. மணிக்கட்டைத் தட்டினால் டீ குடிக்கப் போகலாம், இரண்டு முஷ்டிகளையும் சேர்த்து முறுக்கினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. இப்படி எல்லாமே கைஜாடைதான். எனக்கு அது கூத்து மாதிரி இருந்தது. பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

அந்தக் கூத்து வீட்டுக்கும் வந்தது. "ஏ புள்ள, சட்னி" என்று அவர் கேட்டால் தெருமுனை வரை கேட்கும். சத்தம் போடாதீங்க என்றால் உடனே கையை ஆட்டுவார். எனக்கோ கோபம் எப்போதும் மூக்கு நுனியில். ஒரு நாள் கரண்டியைத் தரையில் போட்டுவிட்டுச் சொன்னேன். "ஏனுங்க, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கறீங்க? இது ஊடு. கையாட்டறதையெல்லாம் ஃபேக்டரியிலயே உட்டுட்டு வாங்க."

அதற்குப் பிறகு அவர் என் எதிரில் ஜாடை காட்டவில்லை. பேச்சையும் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

என் மகளுக்கு மட்டும் அந்த ஜாடைகள் எல்லாம் அத்துப்படி. லீவு நாட்களில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஃபேக்டரியிலேயே உட்கார்ந்துவிடுவாள். மழைக்காலத்தில் சாக்கை மடித்துத் தலைக்குக் கொங்காடை போட்டு, அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விடுகிறவர் அவர். அப்பாவும் மகளும் அவ்வளவு ஒட்டு. சாப்பிடும்போது நான் அடுப்புப் பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் ஏதோ நடக்கும், அவள் களுக்கென்று சிரிப்பாள். என்னடி என்றால் "ஒண்ணுமில்லீங்கம்மா" என்பாள். எனக்கு வயிறு எரியும்.

இலை மலிந்த மாதங்களில் மெஷின் நின்றால் வந்து குவிந்த இலையெல்லாம் பாழ். அதனால் அவர் வீட்டுக்கு வருவதே அபூர்வம். வந்தால் கை முழுக்க கிரீஸ் இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றித் தேங்காய் நாரால் நான்தான் தேய்த்துவிடுவேன். மணக்க மணக்கக் குழம்பு வைத்துப் போடுவேன். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். உப்புக் கூடினாலும் சொல்ல மாட்டார், குறைந்தாலும் சொல்ல மாட்டார். நல்லா இருக்குது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். அந்த ஏக்கத்தைத் திட்டாகத்தான் எனக்குக் காட்டத் தெரிந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு ஐப்பசி மழையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வாயும் வலது பக்கமும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இடது கை மட்டும் அசைந்தது. நான் உடம்பு துடைத்துக் கஞ்சி ஊட்டி முடித்ததும், அந்தக் கையின் மூன்று விரல்களைக் குவித்து மூக்கருகே கொண்டுபோவார். பிறகு என்னைப் பார்த்து உள்ளங்கையை விரிப்பார்.

மூக்கைக் காட்டினால் வேறென்ன நினைப்பது? நாறுகிறது என்கிறார் என்றுதான் நினைத்தேன். விரிப்பை மாற்றினேன். மழையில் துணி காயாமல் கரியடுப்பின் மேல் பிடித்துக் காயவைத்தேன். சாம்பிராணி போட்டேன். மறுபடியும் அதே மூன்று விரல். ஒரு நாள் பொறுமை போய்விட்டது. "இன்னும் எங்கதானுங்க நாறுது? என்னைய என்னதான் பண்ணச் சொல்றீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் கண் கலங்கியது. கை மெதுவாகக் கீழே இறங்கியது. அடுத்து வந்த நாட்களில் அது எழவே இல்லை.

கடைசிக் காலத்தில் இந்த மனுஷன் என் கை பட்டதையே அருவருத்துக்கொண்டு போகப்போகிறாரே என்று நான் அழாத நாளில்லை.

மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனதால், வழி திறந்த பிறகுதான் அவளால் வர முடிந்தது. வந்தவளை அடுக்களைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எப்படிங்கம்மா காட்டுனாரு?"

செய்து காட்டினேன். அவள் என்னையே பார்த்தாள். அடுப்போரம் உட்கார்ந்து சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதாள்.

"அம்மா, அது நாத்தமில்லீங்க. பதம். அரைச்ச எலையத் தரையில பரப்பிப் புளிக்கப் போடுவாங்கல்ல, டீமேக்கர் அதை மோந்து பாத்து, சரியா வந்துருச்சுன்னா அப்படித்தான் காட்டுவாரு. இதுக்கு மேல ஒண்ணும் பண்ண வேண்டாம்னு அர்த்தம். அப்பா ரிப்பேர் பாத்த மெஷின் நல்லா ஓடுனாலும் அதைத்தான் காட்டுவாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள். "நீங்க அடுப்புப் பக்கம் திரும்புனதும் உங்க கொழம்புக்கும் அதையேதான் காட்டுவாரு. அதுக்குத்தான் நான் சிரிப்பேன்."

"வாயத் தொறந்து சொல்லீருந்தா முத்தா உதுந்துருக்கும்?" என்றேன்.

அன்று மத்தியானம் கஞ்சி ஊட்டினேன். குடித்து முடித்து என் முகத்தையே பார்த்தார். கை எழவில்லை. திட்டு வாங்கிய கை, எப்படி எழும்? நானே மூன்று விரல்களைக் குவித்து என் மூக்கருகே வைத்தேன். "பதமாங்க?" என்று கேட்டேன். அவருடைய இடது கை மெதுவாக எழுந்து மூக்குவரை போனது. பிறகு என் பக்கம் விரிந்தது. ஒரு பக்க வாயால் சிரித்தார்.

மார்கழி முடிவதற்குள் அவர் போய்விட்டார். அவர் பதம் காட்டிய அந்த மத்தியானம் மிச்சமிருந்த கஞ்சியை நான்தான் குடித்தேன். அதில் உப்புப் போடவே மறந்திருந்தேன்.