பிலேமோனுக்கும் பௌக்கிஸுக்கும் இரண்டு விண்ணப்பங்கள்

விருந்துண்டவன் புறப்படும் முன், உணவளித்தவரிடம் "உமக்கு என்ன வேண்டும்?" என்று கேட்க வேண்டும். ஜேர்மனியின் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. கிரேக்கக் கடவுளரின் தலைவன் ஸீயஸ் நடந்துகொண்ட முறை இது. என் விடயத்தில் பொருந்தியிருக்க வேண்டிய ஒரே விதியும் இதுதான். அதை நான் அறிந்தபோது ஏழு மாதம் பிந்திவிட்டது.

முப்பது வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கோப்புப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிராங்பேர்ட்டில் எங்கள் ஆட்களுக்கு எந்த அன்ட்ராக், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்ப வேண்டுமென்றாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். விண்ணப்பம் நிரப்புவதில் எனக்கு ஒரு கொள்கை உண்டு: கேட்காத எதையும் எழுதாதே. அகதி விசாரணைகளில் கற்றது. அன்று ஒரு வரி கூடுதலாக எழுதினவனை இன்னொரு நாள் கூப்பிட்டு, அந்த ஒரு வரியைப் பற்றியே இரண்டு மணி நேரம் கேட்டார்கள்.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி விடுதியில் அடுத்த அறையில் ஒரு தம்பதி இருந்தார்கள். அண்ணை என்றும் அக்கா என்றும் கூப்பிடுவேன். எட்டு மாதம் அவர்களுடைய ஒற்றை மின்னடுப்பில் சமைத்ததைத்தான் நான் சாப்பிட்டேன். போன வருடம் இருவருக்கும் தனியே வாழ ஏலாமல் போனது. பல முதியோர் இல்லங்களை நடத்தும் ஒரு நிர்வாகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஆளுக்கொரு படிவம். நான்தான் நிரப்பினேன்.

எங்கள் வழக்கப்படி அண்ணையின் கடைசிப் பெயர் அவருடைய தகப்பனின் பெயர். அக்காவுடையது அண்ணையின் பெயர். ஜேர்மன்காரர் கண்ணுக்கு அவர்கள் இரண்டு அந்நியர்கள். திருமணப் பதிவை இணைக்கும்படி படிவம் கேட்கவில்லை, நான் இணைக்கவில்லை. கடைசியில் "சிறப்பு விருப்பங்கள்" என்று ஐந்து வெற்று வரிகள். அளவுகோல் வைத்து அழகாகக் குறுக்குக் கோடு போட்டேன்.

ஜூலையில் இடம் கிடைத்தது. அண்ணைக்கு நகரின் ஒரு முனையில், அக்காவுக்கு மறுமுனையில். இடையில் எஸ்-பான் ரயில் ஒன்று, பஸ் ஒன்று.

"ஏன் தம்பி இப்பிடிப் பிரிச்சுப் போட்டாங்கள்?" என்று அக்கா கேட்டார்.

"கந்தோர்க்காரர் அக்கா. அவங்களுக்கு மனிசரைத் தெரியாது. ஒண்டும் செய்யேலாது," என்றேன்.

கூசாமல் சொன்னேன். ஞாயிறுதோறும் அக்காவை அண்ணையிடம் கூட்டிப் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் அந்த நிர்வாகத்தின் கந்தோரைத் திட்டினேன். என் திட்டு வாரத்துக்கு வாரம் மெருகேறியது. அண்ணை முதலில் வாசலில் நின்று வரவேற்றார். பிறகு சன்னலோரம். தை மாதத்தில் கட்டிலில்.

பொழுது போக்க ஒரு மாலை வகுப்பில் சேர்ந்திருந்தேன், கிரேக்கத் தொன்மங்கள் பற்றியது. முதலில் டைட்டன்கள். குரோனோஸ் தன் பிள்ளைகளையே விழுங்கியதையும், தப்பிய பிள்ளை ஸீயஸ் நிர்வாகத்தைக் கைப்பற்றியதையும் நான் மிகவும் ரசித்தேன். பதவி மாற்றம் எங்கும் அப்படித்தான். பெப்ரவரியில் ஒரு செவ்வாய் மாலை ஆசிரியை பிலேமோன், பௌக்கிஸ் கதையைச் சொன்னார். ஸீயஸும் ஹெர்மெஸும் வழிப்போக்கர் வேடத்தில் வருகிறார்கள். ஊரே கதவை மூடுகிறது. ஏழைக் கிழவனும் கிழவியும் மட்டும் உள்ளே விட்டு, இருப்பதைச் சமைத்துப் போடுகிறார்கள். உண்டு முடித்த ஸீயஸ், "என்ன வேண்டும்?" என்கிறார். இருவரும் தனியே போய்ப் பேசிவிட்டு வருகிறார்கள். ஒருவர் சாவை மற்றவர் பார்க்கக்கூடாது, அது போதும் என்கிறார்கள். கடைசியில் அருகருகே இரண்டு மரங்களாகிறார்கள்.

வகுப்பில் எல்லோரும் மரங்களைப் பற்றிப் பேசினார்கள். இடியைக் கையில் வைத்திருந்தவன் கேட்டிருக்கிறான். பேனாவை வைத்திருந்த நான் கேட்கவில்லை.

மறுநாளே, ஞாயிறுவரை காத்திராமல், அக்காவிடம் போனேன். அவருடைய அறையில் உட்கார்ந்து கதையைச் சொன்னேன். பிறகு அந்தக் குறுக்குக் கோட்டைச் சொன்னேன்.

அக்கா சொன்னார்: "அப்ப அவங்கள் இல்லை. நீர்தான்."

"ஓம் அக்கா."

"ஏழு மாசமா அந்தப் பாவப்பட்ட சனத்தைத் திட்டினீர். நானும் சேந்தெல்லோ திட்டினன்."

"ஓம்."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பியள்?"

"மனிசன்ர குறட்டை இல்லாமல் எனக்கு நித்திரை வராதெண்டு சொல்லியிருப்பன். உம்மட ஜேர்மன்ல அதை எப்பிடி எழுதுவீர்?"

பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"அந்தக் கிழவி சேந்து சாகக் கேட்டவள் போல. அதைப் பிறகு பாப்பம். எனக்கு ஒரு அறை கேளும். இப்ப, எனக்கு முன்னால இருந்து எழுதும்."

எழுதினேன். முந்திய விண்ணப்பத்தில் குறை என்னுடையது என்றும் எழுதினேன். ஜேர்மன் மொழியில் நான் எழுதிய முதல் ஒப்புதல் அது. திருமணப் பதிவின் மொழிபெயர்ப்பையும் இணைத்தேன். குறட்டையை விட்டுவிடவில்லை, அக்கா சொன்னபடியே ஒரு வரி.

பெப்ரவரி பதினெட்டில் தபாலில் சேர்த்தேன். அடுத்த இரு ஞாயிறுகளும் அண்ணை கண்ணைத் திறக்கவில்லை; அக்காவின் கையை மட்டும் பிடித்திருந்தார். அக்காவின் இல்லத்தில் இருவர் அறை ஒன்று காலியாக இருப்பதாகவும், இப்படி ஒரு விருப்பம் இருப்பது தெரிந்திருந்தால் முதலிலேயே தந்திருப்போம் என்றும் நிர்வாகத்தினர் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார்கள். நான் ஏழு மாதம் திட்டிய கந்தோருக்குத் தேவைப்பட்டது மூன்று வாரம். பதில் வந்தது மார்ச் பதினோராம் திகதி, புதன்கிழமை; அண்ணை இறந்து ஐந்தாம் நாள்.